நற்பணி வைத்தியசாலையின் இரண்டு பஞ்சாங்கங்களும் என் பேத்தியின் முழங்காலும்

அனுப்புபவர்:
திருமதி இளையதம்பி மீனாம்பிகை,
வைரவர் கோயில் ஒழுங்கை,
அச்சுவேலி தெற்கு,
அச்சுவேலி.

பெறுபவர்:
மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
வட மாகாணம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: சிவகாமவல்லி நற்பணி வைத்தியசாலையில் வயிற்று ஸ்கான் ஒரு பஞ்சாங்கப்படியும் முழங்கால் சத்திரசிகிச்சை இன்னொரு பஞ்சாங்கப்படியும் நடத்தப்படுவதால் என் பேத்தி செல்வி ஆரபியின் கால் பழுதாகிக்கொண்டிருப்பது பற்றியது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எழுபத்து நான்கு வயதுப் பெண். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போயிருந்தால் வரிக்கு வரி ‘தாழ்மையுடன்’ என்று போட்டுத் தந்திருப்பார். எனக்கு இந்த விடயத்தில் தாழ்மை இல்லை. ஆகையால் நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை கண்டால் திருத்தி வாசித்துக்கொள்ளவும். விடயத்தில் பிழை கிடையாது.

2. மேற்படி வைத்தியசாலை, எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போனவர்களின் உதவியால் எழுந்தது. வயிற்றை ஸ்கான் பண்ணும் இயந்திரத்தை ரொறன்ரோக் கிளையினர் வாங்கித் தந்தார்கள். முழங்காலில் சிறு துளை போட்டு, அதன் வழியே கமராவை விட்டுச் செய்கிற சத்திரசிகிச்சைக்கான கூடத்தை லண்டன் கிளையினர் கட்டித் தந்தார்கள். இரண்டும் இலவசம். நல்ல காரியம், அவர்களுடைய பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் இந்த இரண்டு பகுதியாரும் ஊரில் இருந்த காலத்திலேயே, பிள்ளையார் கோயில் திருவிழாவை எந்தப் பஞ்சாங்கப்படி நடத்துவது என்று சண்டைப்பட்டுப் பிரிந்தவர்கள். ரொறன்ரோக்காரர் திருக்கணிதம். லண்டன்காரர் வாக்கியம். விமானத்தில் குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லுவார்கள். சண்டையையும் அந்த நிறைக்குள் அடக்கி எப்படிக் கொண்டுபோனார்களோ, எனக்கு விளங்கவில்லை.

3. தாங்கள் அறிந்ததுதான், எங்கள் குடாநாட்டில் பஞ்சாங்கம் இரண்டு. திதியும் நட்சத்திரமும் ஒன்றில் முந்தியும் மற்றதில் பிந்தியும் வரும். கோயிலில் அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. சுவாமிக்கு இரண்டு நாள் பூசை கிடைக்கும். வைத்தியசாலையில் நடப்பது வேறு. ஸ்கான் அறைப் பூட்டின் திறப்பு, ரொறன்ரோக் கிளையின் பிரதிநிதி திரு. முருகேசு அவர்களிடம். சத்திரசிகிச்சைக்கூடப் பூட்டின் திறப்பு, லண்டன் கிளையின் பிரதிநிதி திரு. கேதீஸ்வரன் அவர்களிடம். முன்னவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், பின்னவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இருவரும் தத்தம் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அட்டமி, நவமி, கரிநாள், மரணயோகம், இராகு காலம் எல்லாம் கழித்து, மிஞ்சுகிற நேரத்துக்கு மாத்திரம் கதவைத் திறக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இருவருக்கும் ஆகாது. வைத்தியர்கள் வெளியில் நிற்கிறார்கள். நோயாளர் வெளியில் நிற்கிறோம். உள்ளே இயந்திரம் குளிரூட்டியில் சுகமாக இருக்கிறது.

4. இனி என் பேத்தியின் விடயம். ஆரபிக்கு இருபது வயது. வலைப்பந்தாட்டக்காரி. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்குத் தெரிவாகி, இந்த வருடக் கடைசியில் கல்லூரிக்குப் போக இருப்பவள். தைப்பொங்கலை ஒட்டி நடந்த விளையாட்டு விழாவில் பந்துக்குத் துள்ளிக் கீழே வந்தபோது பாதம் நிலத்தில் நிற்க முழங்கால் மாத்திரம் திரும்பிவிட்டது. அடுத்த நாள் காலையில் கால் நீட்டவும் முடியாமல் முழுதாக மடக்கவும் முடியாமல் பாதியில் இறுகி நின்றது. பட்டணத்தில் எடுத்த படத்தைப் பார்த்த எலும்பு முறிவு வைத்திய நிபுணர் டொக்டர் கிறிஸ்ரோபர் அவர்கள், முழங்காலுக்குள் இருக்கும் பிறை வடிவச் சவ்வு கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டுக்குள் அகப்பட்டிருக்கிறது என்றார். எனக்கு விளங்கும்படி, “கதவிடுக்கிலை துணி அகப்பட்டா கதவு நிக்கும் எல்லே அம்மா, அது மாதிரி. கெதியாய் செய்தால் கிழிஞ்சதைத் தைக்கலாம். பிந்தினால் அது நைஞ்சு போம், பிறகு வெட்டி எடுக்கிறதைத் தவிர வழியில்லை” என்று சொன்னார். வெட்டி எடுத்தால் விளையாட்டு இல்லை என்றும், நாற்பது வயதிலேயே என்னைப் போல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புவாள் என்றும் சொன்னார். என்னைப் போல் என்று அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனாலும் உண்மை.

5. அரசாங்க வைத்தியசாலையிலும் பதிந்திருக்கிறோம். முறை வர அடுத்த வருடமாகும். வீதி விபத்தில் கால் முறிந்து வருகிறவர்கள் முன்னே போவது நியாயம். அதைப்பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. டொக்டர் கிறிஸ்ரோபர் தம் அரசாங்க வேலை முடிந்த நேரங்களில் நற்பணி வைத்தியசாலைக்கு வந்து ஒரு சதமும் வாங்காமல் செய்கிறவர். “அங்கை வாங்கோ, ரெண்டு கிழமைக்குள்ளை செய்து விடுறன்” என்று அவர் சொல்லித்தான் அங்கே போனோம். பாவம், மனிசன் தன்னுடைய கையை நம்பிச் சொல்லிவிட்டார். கதவை நினைக்கவில்லை.

6. கால் நோவுக்குக் குடித்த மருந்துகளாலோ என்னவோ, ஆரபிக்கு வலது பக்க விலாவுக்குக் கீழே வயிற்று நோவும், சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும் சத்தியும் தொடங்கின. மயக்க மருந்து வைத்தியர் அதைக் கேட்டுவிட்டு, பித்தப்பையில் கல்லோ வீக்கமோ இருந்தால் இப்போதைக்கு மயக்க மாட்டேன், முதலில் வயிற்றை ஸ்கான் பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று எழுதினார். அதுவும் நியாயம். பித்தப்பை தெரிய வேண்டுமானால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால் இரவு முழுக்கச் சாப்பிடாமல் வரச் சொன்னார்கள். பிள்ளை சாப்பிடாமல் இரண்டு தடியை ஊன்றிக்கொண்டு போனாள். ஸ்கான் பார்க்கும் பெண் வைத்தியர், வாசலில் கைப்பையை மடியில் வைத்தபடி வாங்கில் இருந்தார். கதவில் பூட்டு. திரு. முருகேசு அவர்கள் அருகே நின்று,

“இண்டைக்கு விடியவே அட்டமி பிறந்திட்டுது ஆச்சி. புது மெசின். அட்டமியிலை தொட்டால் பழுதாப் போம்” என்றார்.

என்னை ஆச்சி என்று சொல்ல அவருக்கும் எனக்கும் அப்படி ஒன்றும் வயது வித்தியாசம் இல்லை. அதை விடுவோம். எதிரே நின்ற திரு. கேதீஸ்வரன் சிரித்துக்கொண்டு, “எங்கடை பஞ்சாங்கத்திலை பின்னேரம்தான் அட்டமி. உவை வீணாய் மூடி வைச்சிருக்கினம்” என்றார். அப்படியானால் உங்கள் கதவைத் திறந்து பிள்ளையின் காலைச் செய்யுங்கள் என்றேன். ஸ்கான் முடியாமல் ஏலாது என்றார். இவ்வளவும் பேசி முடிய ஆரபி வாசலிலேயே பச்சைத் தண்ணீராகச் சத்தி எடுத்தாள். அப்போது மட்டும் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக விலகினார்கள். அவர்கள் ஒற்றுமையாக நடந்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

7. இரண்டாம் முறை ஒரு சனிக்கிழமை. கதவு திறந்திருந்தது. ஆரபியைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றில் பசை பூசி வைத்தியர் பார்க்கத் தொடங்கினார். ஈரல் நல்லாயிருக்கு, பித்தப்பையில் கல் இல்லை, வீக்கமும் இல்லை என்று சொல்லி, மற்றப் பக்கம் திரும்பச் சொன்ன நேரத்தில் கதவில் தட்டுக் கேட்டது. ஒன்பது மணி, இராகு காலம் தொடங்கிவிட்டதாம். “டொக்டர், மெசினை நிப்பாட்டுங்கோ” என்றார் திரு. முருகேசு. வைத்தியர், “இன்னும் கொஞ்ச நேரம்தான் ஐயா, பிள்ளையின்ரை வயித்திலை கை வைச்சபடி நிக்கிறன்” என்றார். திரு. முருகேசு சுவரில் இருந்த சுவிச்சை அணைத்துவிட்டார். என் பேத்தி பசை பூசிய வயிற்றோடு இருட்டுக்குள் கிடந்தாள். அன்று தந்த அறிக்கையில் ஈரலும் பித்தப்பையும் பார்க்கப்பட்டன, மற்ற உறுப்புகள் பின்னர் பார்க்கப்படும் என்று எழுதியிருக்கிறது. அறிக்கையின் பிரதியை இணைத்துள்ளேன். வலது பக்கத்து உறுப்புகள் நல்ல நேரத்துக்கு வந்துவிட்டன. இடது பக்கத்தவைக்கு நேரம் சரியில்லை. ஒரே வயிற்றுக்குள் இப்படிப் பாகுபாடு கடவுளும் வைக்கவில்லை.

8. மிகுதி வயிற்றை இன்னொரு நாள் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. நோவு மருந்தை வெறும் வயிற்றில் குடித்ததால் இரைப்பை புண்பட்டிருக்கலாம் என்றார் வைத்தியர். வெறும் வயிற்றோடு பிள்ளையை மீண்டும் மீண்டும் வாசலில் வைத்திருந்தவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மா முகத்தைப் பார்த்தால் கேட்க மனம் வராது. எங்களோடு சேர்ந்து வாசலில் இருந்தவர். மயக்க மருந்து வைத்தியரும் சரி என்று கையொப்பமிட்டார். இனிக் கால்தான் என்று நினைத்தோம்.

9. சத்திரசிகிச்சைக்கான அனுமதிப் படிவத்தில் பெயர், வயது, இரத்த வகை என்பவற்றோடு நட்சத்திரம், இராசி என்றும் கேட்டிருக்கிறார்கள். ஆரபி பிறந்த நேரம் இரண்டு நட்சத்திரம் மாறும் விளிம்பில். ஸ்கான் அறைக்காரர் தங்கள் பஞ்சாங்கப்படி அவளுக்கு மகம் என்று எழுதினார்கள். சத்திரசிகிச்சைக்கூடக்காரர் தங்கள் பஞ்சாங்கப்படி ஆயிலியம் என்று எழுதினார்கள். ஆகவே ஒரே வைத்தியசாலையில் என் பேத்தி நடைபாதையின் இந்தக் கரையில் சிம்ம இராசி, அந்தக் கரையில் கடக இராசி. சந்திரன் எட்டாம் இடத்துக்கு வரும் சந்திராட்டம நாட்களில் அவளைத் தொடக் கூடாதாம். இராசி இரண்டு என்பதால் சந்திராட்டமமும் இரண்டு. ஒன்று முடிய மற்றது தொடங்கும். இரத்த வகை என்ற இடம் கடைசிவரை நிரப்பாமல் இருந்தது. நான் சுட்டிக் காட்டிய பின்தான் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார்கள்.

டொக்டர் கிறிஸ்ரோபரிடமும் நட்சத்திரம் கேட்டிருக்கிறார்கள். வெட்டுகிறவருக்கும் வெட்டுப்படுகிறவருக்கும் பொருத்தம் பார்க்கவாம். கிறிஸ்தவரான அவர், “என்ரை வீட்டிலை ஒரு நட்சத்திரம்தான் இருக்கு. நத்தாருக்கு வாசல்லை தூக்கிறது. வேணுமெண்டால் கொண்டு வாறன்” என்று சொன்னாராம். அதையும் கேட்டுத் திரு. கேதீஸ்வரன் படிவத்தில் ‘தெரியாது’ என்று எழுதிக்கொண்டார்.

10. பங்குனி மாதம் ஒரு நாள் எல்லாம் ஒத்து வந்தது. ஆரபிக்குப் பச்சை உடுப்புப் போட்டு, காலில் அடையாளம் கீறி, தள்ளு கட்டிலில் சத்திரசிகிச்சைக்கூட வாசல்வரை கொண்டுபோனார்கள். நான் விபூதி பூசி விட்டேன். அந்த நேரம் உள்ளே பல்லி சொன்னது. திரு. கேதீஸ்வரன் கையை உயர்த்திக் கட்டிலை நிற்பாட்டினார். தென்கிழக்கில் சொன்னதாம், கூடாதாம். வைத்தியர் கையுறை போட்ட கையை இரண்டு பக்கமும் தூக்கியபடி நின்றார். ஐயா, சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள் பல்லி இருப்பதே ஒரு தனி முறைப்பாடு. அது என்ன சொன்னது என்பது அதற்குப் பிறகு வரவேண்டிய விடயம். பல்லியைப் பிடித்து வெளியில் விட ஒருவரும் போகவில்லை. என் பேத்தியைத்தான் வெளியில் கொண்டுவந்தார்கள். அவள் கட்டிலில் படுத்தபடி, “அம்மம்மா, என்ரை முழங்கால் என்ன வெளிநாட்டு மாப்பிளையே, இவ்வளவு சகுனம் பாக்கிறதுக்கு?” என்று கேட்டாள். அங்கே நின்ற எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

11. அடுத்ததாகத் தந்த திகதி சித்திரைப் புத்தாண்டு கழிந்து இரண்டாம் நாள். புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் வெவ்வேறு என்பதால் முதலில் ஸ்கான் பகுதியும் பிறகு சத்திரசிகிச்சைப் பகுதியும் முறை வைத்துப் பூட்டப்பட்டன. அத்தோடு விட்டிருக்கலாம். வீட்டில் தலையில் வைத்துத் தோயும் மருத்துநீரை ஒரு செம்பில் கொண்டுவந்து, சத்திரசிகிச்சைக்கூடம் சுபீட்சமாக இருக்க வேண்டும் என்று கட்டில், விளக்கு, மேசை எல்லாவற்றிலும் மாவிலையால் தெளித்திருக்கிறார்கள். மருத்துநீரில் என்ன இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். பூவும் இலையும் வேரும் மாட்டுச் சாணமும் கோசலமும் போட்டுக் காய்ச்சுவது. நானும் வருடா வருடம் பக்தியோடு தலையில் வைக்கிறேன். தலையில்தான் வைக்கிறேன்.

விடிய வந்து கதவைத் திறந்த பொறுப்புத் தாதி மக்டலீன் அவர்கள் போட்ட சத்தம் விடுதி முழுக்கக் கேட்டது. “ஆர் உதை ஊத்தினது? மூட்டைத் திறந்து செய்யிற இடமெல்லே உது. நான் கழுவி, புகை போட்டு, பரிசோதிச்சு முடிக்கும் மட்டும் அந்தோனியார் வந்தாலும் உள்ளுக்கை விடமாட்டன்” என்றார். கூடம் ஒரு கிழமைக்கு மேல் மூடப்பட்டது. அந்தத் தாதியின் பேரில் தாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. அந்தக் கட்டடத்தில் தனது வேலை என்ன என்று தெரிந்து வைத்திருக்கிற ஓரிருவரில் அவர் ஒருவர்.

12. நான் நிர்வாக சபைக்கு வாய்மூலம் முறையிட்டேன். சபை கூடியது. தீர்மானம் எடுத்ததாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். தீர்மானம் யாதெனில், இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இணக்கம் காண்பதற்காக வைத்தியசாலைக்கு ஒரு முகூர்த்த ஆலோசகரை நியமிப்பது. நியமித்தும் விட்டார்கள். அவருக்கு அறை, கதிரை, மின்விசிறி, பெயர்ப்பலகை எல்லாம் இருக்கிறது. கால் பயிற்சி கொடுக்கும் அறையில் நோயாளர் இருக்க ஒரு வாங்கு இல்லை. ஆலோசகர் ஆரபியின் சாதகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு இப்ப கால் சம்பந்தமாய் ஒரு தடங்கல் இருக்கு” என்றார். ஊன்றுதடி இரண்டும் அவருடைய மேசையில்தான் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

13. தாங்கள் என்னைச் சாமி இல்லை என்று சொல்லித் திரிகிறவள் என்று நினைக்கக் கூடாது. நான் வெள்ளிக்கிழமை விரதக்காரி. கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கிறவள். என் கலியாணமும் என் பிள்ளைகளின் கலியாணமும் நாள் பார்த்தே நடந்தன. கலியாணத்தைத் தள்ளி வைக்கலாம், வீடு குடிபுகுதலைத் தள்ளி வைக்கலாம். காத்திருப்பதால் மாப்பிள்ளை நைந்து போகமாட்டார், வீடும் கிழிந்து போகாது. யுத்த காலத்தில் செல் விழுந்த நாட்களில் காயப்பட்டவர்களைச் சைக்கிளிலும் மாட்டு வண்டிலிலும் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அன்று என்ன திதி என்று கேட்ட வைத்தியர் ஒருவரையும் நான் காணவில்லை. அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் வெட்டித் தைத்து ஆட்களைக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு எல்லா விளக்கும் இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், திறப்பு ஒருவருடைய மடியில் இருக்கிறது.

இதைவிட இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற மாதம் திரு. முருகேசு அவர்களுக்கு வயிற்றுக் குத்து வந்தது. அன்று திருக்கணிதப்படி நவமி. தாம் காவல் காக்கும் இயந்திர அறையை அவர் திறக்கவில்லை. வாகனம் பிடித்துப் பட்டணத்துக்குப் போய், அங்கே ஸ்கான் பண்ணி, சிறுநீரகக் கல் என்று கண்டு, அன்றைக்கே மருந்து எடுத்தார். சுகமாக இருக்கிறார், எனக்குச் சந்தோசம். பட்டணத்தில் நவமி இல்லையோ என்று நான் கோயில் வாசலில் வைத்துக் கேட்டேன். “அது அவசரம் எல்லே அக்கா” என்றார். அன்றைக்குத்தான் நான் அக்கா ஆனேன்.

14. ஆரபியின் இன்றைய நிலை: தொடைச் சதை கரைந்து ஒரு கால் மற்றதைவிட மெலிந்துவிட்டது. தடியில்லாமல் முற்றம் தாண்ட முடியாது. முன்பு வேலிக்கு மேலால் பக்கத்து வளவுப் பிள்ளைகளுக்குப் பந்து எறிந்து பழக்குவாள். இப்போது அவர்கள் வந்து கூப்பிட்டால் நித்திரை என்று சொல்லச் சொல்கிறாள். சென்ற கிழமை டொக்டர் கிறிஸ்ரோபர் மறுபடி பார்த்தார். “இன்னும் தைக்கலாம் எண்டுதான் நினைக்கிறன் அம்மா. ஆனால் இந்த மாதம் தாண்டினால் தைக்கிற கதையை விட்டிடுங்கோ” என்றார். அதைக் கேட்ட ஆரபி, வீட்டுக்கு வந்ததும் தன்னுடைய விளையாட்டுச் சப்பாத்தைக் கழுவிக் காய வைத்து, பக்கத்து வளவுப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

15. ஆகவே தங்களிடம் நான் கேட்பவை:

வைத்தியசாலையின் அறைத் திறப்புகள் வைத்தியர்களிடமும் பொறுப்புத் தாதியிடமும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டும். அனுமதிப் படிவத்தில் நட்சத்திரமும் இராசியும் கேட்பதை நிறுத்த வேண்டும். பல்லியை அகற்ற வேண்டும். ஆலோசகரின் கதிரையைக் கால் பயிற்சி அறைக்குக் கொடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் விசாரணை, குழு, அறிக்கை என்று தங்களுக்குக் காலம் தேவைப்படும் என்று எனக்குத் தெரியும். ஆறுதலாகச் செய்யவும்.

ஆனால் ஒன்று மட்டும் ஆறுதலாகச் செய்ய முடியாதது. இரண்டு பஞ்சாங்கத்தையும் வாங்கி, என் மருமகனைக் கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பித்தேன். இந்த மே மாதம் 20ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. தேய்பிறை அட்டமி. சத்திரசிகிச்சைக்கூடத்தார் ஆரபிக்கு எழுதி வைத்த இராசிப்படி அவளுக்குச் சந்திராட்டமமும் அன்றுதான். திருக்கணிதமும் வாக்கியமும் சண்டையில்லாமல் ஒன்றாய்க் கூடாது என்று சொல்லும் நாள். ஆகவே அன்று அந்த வைத்தியசாலையில் வேறு எவருக்கும் சத்திரசிகிச்சை வைக்கமாட்டார்கள். கூடம் வெறுமையாக இருக்கும். டொக்டர் கிறிஸ்ரோபரைக் கேட்டேன்; அன்று பின்னேரம் வருவதாகச் சொன்னார். மயக்க மருந்து வைத்தியரும் ஓம் என்றார். தாதி மக்டலீன், எல்லாம் அவித்துத் துடைத்து ஆயத்தமாக வைப்பதாகச் சொன்னார். குறைவது கதவு ஒன்றுதான். அந்த ஒரு நாளுக்கு, அந்த ஒரு கதவைத் திறந்து விடும்படி தங்கள் கையெழுத்தில் ஒரு வரி அனுப்ப வேண்டும்.

அன்று ஏதும் பிழைத்தால் நாளின் மேலும் கோளின் மேலும் பழி சொல்லமாட்டோம் என்று நானும், வயதுக்கு வந்த பெண் என்ற முறையில் ஆரபியும், கீழே கையொப்பமிட்டிருக்கிறோம். தங்கள் வரி வந்தாலும் வராவிட்டாலும், ஆரபி அன்று காலையிலிருந்து சாப்பிடாமல் அந்த வாசலில் இருப்பாள். பக்கத்தில் நான் இருப்பேன்.

வேறு எழுத ஒன்றும் இல்லாத,

இ. மீனாம்பிகை

எனக்காக நானும்: ஆரபி

இடம்: அச்சுவேலி
திகதி: 08.05.2025, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. இராகு காலம்.

இணைப்பு: பாதி வயிற்று ஸ்கான் அறிக்கை, மிகுதி வயிற்று ஸ்கான் அறிக்கை, முழங்கால் பட அறிக்கை.

பிரதி: திரு. முருகேசு அவர்கள், திரு. கேதீஸ்வரன் அவர்கள். உறையைக் கிடைத்த உடன் பிரிக்கவும். நேரம் பார்க்க வேண்டியதில்லை.